வாஃபிள் மேசைக்குப் பின்னால் ஒரு கதவு

அன்புள்ள தூரிட்,

முழங்கால் வலி தேவலையா? "ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு நடுக்கடல்ல என்ன வேலை?" என்று கேட்டாயே. எண்ணெய் மேடையில் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் எனக்கே சனிக்கிழமை பாடம் கிடைத்தது. உணவுக்கூடத்தில் சூடான வாஃபிள் அப்பம் சாப்பிடும்போது அபாயமணி அடித்தது. "ஒத்திகைதான் வாத்தியாரே, ஆறிடும், சாப்பிடுங்க," என்றார் சமையல்காரர் ஐவின்ட். வாசலில் நிஜமாகவே புகை நுழைந்த பிறகும், பழக்கத்தில் எல்லோரும் அந்த வாசலுக்கே ஓடினோம். அவசரக் கதவை வாஃபிள் மேசை மறைத்திருந்தது. இருமிக்கொண்டே மேசையைத் தள்ளி வெளியேறினோம், யாருக்கும் காயமில்லை. மூடுபனியால் ஹெலிகாப்டர் வரவில்லை, இங்கேயே அடைபட்டிருக்கிறேன். வந்ததும் அணிந்துகொள்ள, என் நாற்காலியில் கம்பளிச் சட்டையை எடுத்து வை. நம் வீட்டுப் பின்கதவையும் என் பனிச்சறுக்குக் கட்டைகள் மறைத்திருக்கின்றன. இதைப் படித்ததும் அவற்றை நகர்த்திவிட்டு, புகையில் கண் தெரியாத மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்து பார்.

உன் தோர்மோட்