பின்தொட்டி நிரம்பியிருக்கிறது

பதினோராம் நாள், காலை

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ஜெனிபா. டைட்டனின் மீத்தேன் கடலில் தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறேன். மீத்தேன் தண்ணீரைவிட லேசு, தாங்குவது குறைவு. அதனால் இந்தப் படகின் இரண்டு உடல்களும் நல்ல குண்டு. எடை ஒரு பக்கம் கூடினால், தொட்டிகளுக்குள் திரவத்தை மாற்றிச் சரிக்கட்டுவது துலா என்னும் இயந்திரம். காற்று மிதம். எல்லாம் ஒழுங்கு.

பின்தொட்டி மட்டும் பாதி நிரம்பியிருக்கிறது. நான் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றவில்லையே.

அன்று மாலை

பின்தொட்டி முக்கால். ஏனென்று கேட்டால் "சமநிலை" என்கிறது துலா. வாயைத் திறந்தால் இது ஒன்றுதான். வேகம் பாதியாகிவிட்டது. இப்படியே போனால் கரையில் நிற்கும் ஏவுகலத்தை அடையுமுன் ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

மேலே சுற்றும் கப்பலில் இருக்கும் கிறிஸ்பினிடம் சொன்னேன். அவன் பதில்: "ஏ பிள்ள, அதுக்கு ஒண்ணும் கிறுக்கில்ல. நீ ஒறங்கி எத்தன நாளாச்சு? அத மட்டும் அணைச்சிராத, கேட்டியா!"

அவனும் அதன் கட்சிதான்.

பன்னிரண்டாம் நாள்

பின்தொட்டி முழுக்க நிரம்பிவிட்டதாம். அப்படியானால் அணியம், அதாவது படகின் முன்முனை, தூக்கிக்கொண்டல்லவா நிற்க வேண்டும்? கட்டுமரத்தில் வளர்ந்த கால் எனக்கு. கண்ணை மூடி நின்று பார்த்தேன். துளிச் சரிவில்லை. ஆக, துலா பொய் சொல்கிறது. பாய்க்கயிறும் அதன் கையில்தான். வேகத்தைக் குறைப்பதும் இந்தச் சனியன்தான்.

அணைத்துவிட்டேன். பின்தொட்டியின் மடையையும் திறக்கப் போகிறேன். ஒரு சொட்டு வராது, பாருங்கள்.

சற்று நேரம் கழித்து

வந்தது. கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஐயோ, தொட்டி நிஜமாகவே நிறைந்திருந்தது. அப்படியென்றால் முன்னாலும் அதே அளவு எடை இருந்திருக்கிறது. நான் ஏற்றாத எடை.

இரண்டு அணியமும் முங்குகின்றன. கட்டுமரப் பழக்கம், பின்னால் ஓடி வந்து விளிம்பில் தொங்குகிறேன். முன்னால், இரண்டு உடல்களுக்கும் நடுவில், கறுப்பாக ஏதோ பற்றிக்கொண்டிருக்கிறது. ஏறி இறங்குகிறது, மூச்சு விடுவதுபோல.

துலா, மன்னித்துவிடு. மணிக்கட்டுத் திரையிலிருந்தே மறுபடி இயக்கிவிட்டேன். திரையில்: "பின்னால் எடை போதாது. நகராதீர்கள்."

நேரம் பார்க்கவில்லை

நகரவில்லை. கிறிஸ்பின் கத்துகிறான்: "ஜெனிபா, படகு நிமிருது பிள்ள! தப்பிச்சிட்ட!"

தொட்டி இன்னும் காலி. என் ஒருத்தி எடைக்கு இது நிமிராது.

என் காலுக்கடியில் பின்புறம் தாழ்கிறது

திரையில் "சமநிலை"