மெஷின் கண்ணில் சந்தனம்

இன்று காலை நம் பேண்டேஜ் யூனிட்டுக்குள் நுழைந்ததுமே தீய்ந்த வாடை. பிளாஸ்டிக் கவரும் அதை ஒட்டுகிற சூட்டுத் தகட்டின் மேல் சுற்றியிருக்கும் டெஃப்லான் பட்டையும் சேர்ந்து கருகும் வாடை. நீ இருந்திருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏட்டி, பட்டை கிழிஞ்சிருக்கு, போய்ப் பாரு" என்று சொல்லியிருப்பாய். சொல்ல ஆளில்லாததால் நானே போய்ப் பார்த்தேன். வாடை புது மெஷினிலிருந்து வந்தது. நீ பார்க்காத மெஷின் அது. நீ போன பிறகு வாங்கினேன். மடித்த காஸ் துணியைக் கொடுத்தால் போதும், கவருக்குள் போட்டு, ஒட்டி, வெட்டித் தள்ளிவிடும். அதன் மூடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். இதைக் கிழித்தால் கேரண்டி செல்லாதாம்.

கிழித்துவிட்டேன்.

என் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அம்மா, கம்பெனி ஆள் நாளைக்கழிச்சு வாரேன்னு சொல்லிட்டாரு. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"நாளைக்கழிச்சு வரைக்கும் ஏழு பேரும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கவா?"

ஸ்டிக்கரைக் கிழித்த கதைக்காக மட்டும் உனக்கு எழுத உட்காரவில்லை. கிழித்த கையோடு இன்னொரு காரியமும் செய்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் பழையதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆளில்லாத இடத்தில் தனக்குத் தோதாகப் பேசுகிறாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் நாம் மூன்று வருஷம் ஒரே கூரைக்குள் வேலை பார்த்தும் பேசிக்கொண்டதில்லை. நான் கண்ணாடி அறைக்குள் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நீ வெளியே நாலாம் நம்பர் மெஷினில் இருந்தாய். எனக்கு நீ நாலாம் நம்பர், உனக்கு நான் கண்ணாடி ரூம். ஒருநாள் லீவு லெட்டர் கொடுக்க உள்ளே வந்தவள், என் மேசை ஃபேன் ஓடாமல் நிற்பதைப் பார்த்தாய். ஃபிட்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாளாக வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். நீ சாப்பாட்டுப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாய். பிளக்கைத் திறந்து, கழன்ற ஒயரை முறுக்கி மாட்டினாய். ஃபேன் சுற்றியது.

"ஒரு ஒயரு கழண்டதுக்கு மூணு நாளா வேத்து ஊத்துது. உனக்கெல்லாம் எவன்ட்டி சம்பளம் குடுக்கான்?"

எனக்குக் கோபமான கோபம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சண்டைக்கென்றே உன் மெஷினுக்கு வந்தேன். "எனக்கு மெஷின் தெரியாதுதான். நான் எழுதுற பில்லு உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிக் குடு. நான் பட்டை மாத்தச் சொல்லித் தாரேன்."

உன்னோடு சண்டை போடுவதும் லேசில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நீ கண்ணாடி அறையில் உட்கார்ந்தாய், நான் உன் ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் சூட்டுத் தகடு இடது முழங்கையை உரசும் என்று தெரிந்தது; உன் முழங்கைத் தழும்பு எப்படி வந்தது என்றும் தெரிந்தது. நான் பில்லில் 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதினால் இங்கே ஒருத்தி பாத்ரூம் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்றும் தெரிந்தது. "ஒருத்திகிட்ட பேரு கேட்டா பேருதான் தெரியும். அவ உக்கார்ற எடத்துல உக்காந்து பாரு" என்று நீ சொன்னதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனாலும் புத்தி வந்துவிட்டதா? ஊருக்குப் போனால் பால்கோவா வாங்கி வா என்று உன்னிடமே கேட்டேன். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொறந்தா பால்கோவாக் கடை வச்சிருக்கேன்னு அர்த்தமாட்டி?" என்று கேட்டாய்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு உன்னைப் போல மெஷினைத் துடைத்தவர்கள் யாருமில்லை. சர்ச்சுக்குப் போகிறவளுக்கு இதில் என்ன இத்தனை அக்கறை என்று யாரோ சீண்டியபோது, "எந்தச் சாமிக்குன்னாலும் மெஷினு சுத்தமானாச் சரி" என்றாய். சந்தனக் கிண்ணத்தை ஆபீஸ் பெண் வாங்கட்டும் என்றார் மேனேஜர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷின் மெஷினாகப் போய்ப் பொட்டு வைத்தேன். நாலாம் நம்பரில் மூடிக்கு உள்பக்கம், நெற்றி போல ஒரு வட்டக் கண்ணாடி தெரிந்தது. கையை உள்ளே விட்டு அதில் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

அது மெஷினின் கண். கவர்ச் சுருளில் இருக்கும் கறுப்புக் கோட்டைப் பார்த்து எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லுகிற கண்.

பூஜை கழிந்து வேலை தொடங்கியதும் நாலாம் நம்பர் குருட்டாம்போக்கில் எல்லாக் கவரையும் எழுத்துக்கு நடுவிலேயே வெட்டியது. சாயந்தரம் ஆஸ்பத்திரி சரக்கு லாரியில் ஏற வேண்டும். மெக்கானிக் வர இரண்டு நாளாகும், அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பெண்கள் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது அங்கே ஏற்கெனவே இருந்த சட்டம். நீ டீ நேரம் வரை பொறுத்தாய். பிறகு மூடியைக் கழற்றினாய். நான் பக்கத்தில் நின்றேன். காய்ந்து வெடித்த சந்தனத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், ஒரு துண்டுக் காஸை எடுத்துத் துடைத்தாய். மெஷின் கோட்டைப் பிடித்து வெட்டியது. சரக்கு லாரியில் ஏறியது.

மறுநாள் மேனேஜர் அறை. கணக்கைத் தமிழில் போட்டு, திட்டுவதைத் தெலுங்கில் திட்டுகிறவர் அவர். அன்று தமிழிலேயே பேசினார். விஷயம் திட்டோடு முடியாது என்று அப்போதே தெரிந்தது.

"யாரு தொறந்தது?"

"நான்தான்."

"என்ன கோளாறு?"

"அழுக்கு சார்."

"உன் மெஷின்ல அழுக்குன்னா யாரோட தப்பு?"

நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் டெஸ்பாட்ச் நோட்டோடு மேசையோரம் நின்றேன். 'பொட்டு வைத்தது நான் சார்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது. உனக்கும்தான் வேண்டியிருந்தது, அது எனக்குத் தெரியும். உன் கணக்கை முடித்து அனுப்பினார்கள். வாசல் வரை போனவள் திரும்பி, "சார், அந்த மெஷினுக்கு வாரம் ஒருக்கா எண்ணெய் விடணும். உங்களுக்குத் தெரியாதுல்ல, அதான் சொல்லிட்டுப் போறேன்" என்றாய்.

ஒரு வருஷம் கழித்து நானும் வெளியே வந்தேன். சொந்தமாகத் தொழில் தொடங்கப் பழைய இரும்புக் கடையில் ஒரு மெஷினைப் பார்த்து வைத்துவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ உட்காரச் சொல்லவில்லை. "மோட்டார் இருக்கா?" என்றாய்.

"இருக்கு. ஓடாது."

"பொறவென்ன, வா."

சரக்குப் பிடிப்பதும் விற்பதும் என் பாடு, ஓடவைப்பது உன் பாடு. புதிதாக யார் வந்தாலும் முதல் வாரம் நாளுக்கு ஒருத்தி இடத்தில் உட்கார்ந்து, அந்த மெஷினைப் பிரித்து மாட்ட வேண்டும் என்றாய். கணக்குப்பிள்ளை உட்கார்ந்தார். காலேஜ் முடித்து வந்த என் மகனும் உட்கார்ந்தான். 'இது பேண்டேஜ் கம்பெனியா, ஒர்க் ஷாப்பா' என்று ஊரில் மற்றக் கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் மெஷின் மெக்கானிக்குக்காகக் காத்துக் கிடந்த நாட்களில் அவர்களுடைய ஆர்டரை நான் வாங்கினேன். வியாபாரி நான், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டியது வேறு. ஒருநாள் கியருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாய்: "நீ அன்னைக்குப் பேசாம நின்னதுகூடப் பரவால்லட்டி. கைய முதுகுக்குப் பொறத்தால ஒளிச்ச பாரு, அதத்தான் மறக்க முடியல."

மேனேஜர் முன்னால் நின்ற அன்றும் என் விரலிடுக்கில் குங்குமச் சிவப்பு போகாமல் இருந்தது. நீ அதைப் பார்த்திருந்தாய். போன் வருகிறது என்று நான் எழுந்து போனேன். போன் எதுவும் வரவில்லை. நீ அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. நாலு மாதத்துக்கு முன் உன்னை அடக்கம் செய்த அன்று உன் வீட்டு ஜெபத்தில், உன்னைப் பொறுமைசாலி, சாந்தமானவள் என்றெல்லாம் சொன்னார்கள். நீயா சாந்தம்? எனக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் சொல்லவில்லை.

இன்று மூடியைக் கழற்றியபோது ஏழு பேரும் சுற்றி நின்றார்கள். பட்டை பொசுங்கித் தொங்கியது. சூட்டுத் திருகு எல்லை தாண்டி நின்றது. யார் ஏற்றி வைத்தது என்று கேட்டேன். கான்சாபுரத்திலிருந்து வருகிற செல்வியின் வலது கை மெல்ல முதுகுப் பக்கம் போனது.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சந்தனக் கிண்ணத்தில் தொடங்கி மேனேஜர் அறை வரை அவ்வளவையும் அந்த ஏழு பேரிடமும் சொன்னேன். என் மகனும் கேட்டுக்கொண்டிருந்தான். உனக்குக் கீழே வேலை பார்த்தவர்கள், உன் வேலை ஏன் போனது என்று இன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

"அவிய போகும்போதும் நீங்க பேசாமயா நின்னீக?" என்றாள் செல்வி.

"பேசாமத்தான் நின்னேன்."

அவள் கை முன்னால் வந்தது. "சூட்ட ஏத்துனது நான்தான்க்கா. கவரு சரியா ஒட்டலன்னு ஏத்துனேன்."

"சரி. நீயே பட்டைய மாத்து."

மாற்றினாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "இந்த வருசம் பூசைக்கு யாரும் அக்கா கையில கிண்ணத்தக் குடுத்துராதீங்க!" கட்டடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால், "சோலியப் பாருட்டி" என்பாய். மேனேஜர் அறையில் நான் விழுங்கிய அந்த ஒரு வரி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை நாள் அதை ஒளித்துச் சுமந்தேன்; இனி எல்லோரும் பார்க்கச் சுமப்பேன்.

நாளை மறுநாள் கம்பெனி ஆள் வருவார். யார் திறந்தது என்று கேட்பார். நான்தான் என்று சொல்ல எட்டுப் பேர் இருக்கிறோம். முதலில் நான் சொல்லிவிட வேண்டும்.