முட்டை நுரையும் ஜெபமலரின் கேள்வியும்

சேந்தமங்கலம், 1958

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பிலோமின் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று நான் குடியிருக்கும் வீட்டில் எல்லோருக்கும் சபாயோனே என்ற இத்தாலிய இனிப்பு செய்தேன். பள்ளியின் இத்தாலியச் சிஸ்டர் சொல்லித் தந்தது. முட்டையின் மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, ஒயின் ஊற்றி அடிக்க வேண்டும். மதுவிலக்கு ஊரில் ஒயின் ஏது? திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிச் சேர்த்தேன். மோர் மத்தால் கடையக் கடையப் பொன் நுரையாய்ப் பொங்கியது, அம்மா. கை வலித்தும் நிறுத்த மனமில்லை.

பக்கத்து வீட்டு ராமாத்தாள் எட்டிப் பார்த்தார். வயதுக்கு வந்த பெண்ணுக்குத்தான் இத்தனை முட்டை என்று நினைத்து, நல்லெண்ணெய்ச் செம்போடு திரும்பி வந்தார். "ஏனுங்க, ஜெபமலர் பெரியவளாயிட்டாளாக்கும்? ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றார்.

நாங்கள் சிரித்தோம். வீட்டுக்காரரின் மகள், ஏழாவது படிக்கும் ஜெபமலர் மட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "டீச்சர், நெசமாவே ஆயிட்டா பள்ளிக்கூடத்த நிறுத்திருவாங்களா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

அவள் அப்பா ஞானதாஸ் கிண்ணத்தை வழித்தபடி, "டீச்சரம்மா படிக்கலியா? நீயும் படி சாமி. சீக்கிரம் வா, இல்லாட்டி நானே தின்னு தீத்துப்போடுவேன்" என்றார். கதவு திறந்தது. அவள் அம்மா தெரசம்மாள் மட்டும் அந்த எண்ணெய்ச் செம்பைத் திருப்பித் தராமல் உள்ளே எடுத்து வைத்தார்.

என் படிப்பை நிறுத்தச் சொன்ன சொந்தக்காரர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அம்மா? உங்கள் கையாலேயே, நீளமாக எழுதி அனுப்புங்கள். தெரசம்மாளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எனக்கும் வேண்டும். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
பிலோமின்