அந்தக் கதைக்குள்ள உன்னைச் சேத்தது நான்தான்

என் தங்கமான அக்காவுக்கு,

நீ செத்துப் போயி ரெண்டு மாசமாச்சு. மெட்ராஸ்ல உன்கூட ஒரே அறையில இருந்த தையல்காரம்மாதான் எழுதியிருந்தாங்க. விஷக்காய்ச்சல், பதினோரு நாளாம். நம்ம எல்கடுவ மலைக் குளிரைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தியாமே?

நான் வாசிக்க, அம்மா நின்னுக்கிட்டே கேட்டாங்க. "அப்படிப் போனவ இப்படித்தான் போவா"ன்னு சொல்லிட்டு, கூடையை எடுத்துக்கிட்டுக் கொழுந்து பறிக்கப் போயிட்டாங்க. அன்னிக்கு ஒரு வாய் சோறு திங்கல.

போன வருசம் நீ வந்தப்ப அம்மா ஏன் கதவைத் திறக்கலைன்னு உனக்குத் தெரியாமலே போச்சு. எனக்குத் தெரியும்க்கா.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தோட்டத்து லயத்து வீட்டுப் பொம்பளைங்க நம்ம இஸ்தோப்புத் திண்ணையில வந்து உக்காருவாங்க. மாத்தளைக் கடையில வாங்குற மெட்ராஸ் பத்திரிகையிலருந்து தொடர்கதை வாசிச்சுக் காட்டுவேன். நீ சினிமாவுல நடிக்க மெட்ராஸ் போன பிறகு ஒரு சினிமா நடிகையோட கதை வந்துச்சு. எல்லாரும் கொட்டாவி விட்டாங்க. எனக்கு ரோஷம் வந்துருச்சு. உன் கடுதாசியிலருந்து கொஞ்சம் எடுத்து நடுவுல சொருகுனேன். நீ வாங்குன பச்சைச் சேலை, டிராம் வண்டி, மூக்குத்தியக் கழட்ட மாட்டேன்னு நீ அடம் பிடிச்சது.

"அடியே, இது நம்ம புள்ளைடி!"ன்னு ராக்காயி சின்னம்மா கத்துனாங்க. எல்லாரும் நெருங்கி உக்காந்தாங்க. எனக்கு ஒரே பெருமை, இல்லைன்னு சொல்ல வாய் வரல.

கதை எழுதுனவரு அந்த நடிகையை ஒரு பணக்காரன் பங்களாவுக்கு அனுப்பினாரு. அப்புறம் நடுத்தெருவுல நிறுத்தினாரு. அம்மா பாதியிலயே எந்திரிச்சு உள்ள போனாங்க. அது நீதான்னு நினைச்சுட்டாங்க, அச்சுல வந்தது பொய்யா இருக்காதுன்னு நம்புற மனுசி. நான் புளுகுனேன்னு சொன்னா அடி விழும்னு வாயை மூடிக்கிட்டேன்.

நீ அம்மாவுக்குக் கம்பளி வாங்கிக்கிட்டு வந்து வாசல்ல நின்னே. உள்ளருந்து அம்மா, "அச்சுல போட்டு ஊரே வாசிச்சாச்சு, இன்னும் என்ன மிச்சம்?"னாங்க. "எதைடி அச்சுல போட்டாங்க?"ன்னு என்னைக் கேட்டே. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். பாவி நான்.

நாள் பூரா படம் பிடிக்கிற விளக்குச் சூட்டுல நின்னு கண்ணெரியுது, காலு வீங்குது, மலையில கொழுந்து எடுக்குற மாதிரியேதான் இருக்குன்னு எழுதியிருந்தியே. கதாநாயகிக்குப் பின்னால நிக்கிற பத்துத் தோழியில நீயும் ஒருத்தி, அவ்வளவுதானே! அதை மட்டும் நான் ஏன் சேக்கல? இந்தக் கதை எழுதுறவங்களும் ஏன் சேக்குறதில்ல? நடிகைன்னா காலு வலிக்காதா? அவங்களத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

இப்ப புதுசா ஒரு கதை வருது. இதுலயும் ஒரு நடிகை, முதல் வாரமே கார்ல ஏறிட்டா. எப்ப வாசிப்பேன்னு எல்லாரும் நச்சரிக்கிறாங்க.

வாசிக்க மாட்டேன்க்கா. வர்ற ஞாயித்துக்கிழமை உன் கடுதாசிங்களத்தான் வாசிப்பேன், ஒரு வார்த்தை கூட்டாம. அந்தப் பழைய கதையில எது அவரு எழுதுனது, எது நான் சொருகுனதுன்னு அம்மா முகத்துக்கு நேராவே சொல்லிருவேன். இது சத்தியம். அதுக்கப்புறம் எனக்கும் அந்தக் கதவு திறக்காமப் போகலாம். போகட்டும். நீ வெளிய நின்ன மாதிரி நானும் நின்னு பாக்குறேன்.

உன் முதுகுலயே வளர்ந்த,
உன் தங்கச்சி