மருந்து வைத்த கை

ஜனவரி 9, வியாழன்

எழுத்து தெரியாதவனுக்கு நாட்குறிப்பு எதற்கு என்று கேட்டால், என் மகள் வனஜாவைத்தான் கேட்க வேண்டும். கைப்பேசியில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க அமுக்கிட்டுப் பேசுங்க அப்பய்யா, எழுத்தா விழும். எங்க காதைத் தின்ன வேண்டாம்" என்றாள். விழுந்ததை என்னால் படிக்க முடியாது. அவள் படிக்கிறாளோ என்று ஒரு சந்தேகம் உண்டு. எதற்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி வைக்கிறேன்: இன்று மீன் குழம்பு நன்றாக இருந்தது.

சொல்ல வந்தது வேறு. நேற்று ஆட்டம் நடந்த கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். மருமகன் கணராஜ் சும்மா போய்க் கையை நீட்டியிருக்கிறான். நூற்று எண்பது, நூற்றுப் பத்து. நர்சு கருவி கெட்டுப்போச்சு என்று வேறொன்று கொண்டுவந்து பார்த்தாளாம். அதிலும் அதே.

இருபத்தெட்டு வயது. எங்கள் யட்சகான மேளத்தின், அதாவது ஆட்டக் குழுவின், பெரிய பாகவதர். வேஷக்காரர்கள் எல்லாம் அவன் பாட்டுக்குத்தான் ஆடுகிறார்கள். அதே மேளத்தில் நாற்பது வருஷம் செண்டை அடித்தவன் நான். பாகவதர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். குடித்துக் கெட்டவன் உண்டு, கத்திக் கெட்டவன் உண்டு. இந்த வயதில் ரத்தக் கொதிப்பு வந்தவன் ஒருவன்கூட இல்லை.

ஜனவரி 12

குடிக்கிறானா என்று அவன் தூங்கும்போது வாயருகே மோந்து பார்த்தேன். சாராய வாசம் இல்லை. ஏதோ தித்திப்பு வாசம். விழித்துக்கொண்டு, "என்ன மாமா?" என்றான். கொசு என்றேன்.

ஜனவரி 14

உப்பாக இருக்கலாம். வனஜா அவள் அம்மாவைப் போல, உப்பைக் கையால் அள்ளிப் போடுகிறாள். அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். "உளவு பாக்கறீங்களா, தேங்காய் துருவறீங்களா? ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க" என்றாள். துருவினேன். கருவாடும் ஊறுகாயும் இன்றோடு நின்றன.

ஜனவரி 27, திங்கள்

கருவாடு போனதுதான் மிச்சம். கொதிப்பு இறங்கவில்லை. மாத்திரை போட்டும் நூற்று எழுபதில் நிற்கிறது. உடுப்பியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மாள் சின்னப் பெண். நிறையக் கேட்டாள். குடும்பத்தில் யாருக்காவது உண்டா, குறட்டை உண்டா, வலி மாத்திரை, நாட்டு மருந்து, உடம்பு ஏற்றும் பொடி ஏதாவது சாப்பிடுகிறாயா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். இரண்டு கையிலும் பார்த்தாள், காலிலும் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இந்த வயசுல பிரஷர் சும்மா வராது. பின்னாடி ஏதோ ஒண்ணு இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்."

அவள் ஏதோ என்றாள். பஸ்ஸில் வரும்போது எனக்கு அது யாரோ என்று பட்டது.

யாரோ என்ன யாரோ? திம்மப்ப மரகாலர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் வரை அவர்தான் பெரிய பாகவதர். மேளத்து முதலாளி கணராஜைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்காரவைத்து, அவரை முன்பாதிக்குத் தள்ளினார். முன்பாதி என்றால், ஜனங்கள் இன்னும் வந்து சேராத நேரம். காலி நாற்காலிகளுக்குப் பாடுவது. அதை எந்த மனிதன் பொறுப்பான்? நானாக இருந்தால் பொறுக்கமாட்டேன்.

பிப்ரவரி 2

சிறுநீரகத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்களாம். அதற்குப் போகும் ரத்தக் குழாயும் சரியாக இருக்கிறதாம். ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற ஓர் உப்பு குறைவு. உப்பைக் குறை என்று சொன்னவர்களே உப்பு குறைவு என்கிறார்கள்! சிறுநீரகத்துக்கு மேல் ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதில் கட்டி இருந்தாலும் இருக்கலாம், அறுக்க வேண்டி வரலாம். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வனஜா அழுதாள். அவன் பாட்டுக்கு, "கட்டின்னா எடுத்துடுவாங்க, விடு" என்றான். நேற்று பாட்டு முடிந்து எழ முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள் என்பதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கு மேளத்தில் ஆள் இருக்கிறது.

பிப்ரவரி 6

இன்று நானே போய் ஒப்பனைக் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். திம்மப்பர் அவன் கைக்குள் எதையோ வைத்து மூடினார். அவன் வாயில் போட்டுக்கொண்டான். என் கண்ணால் பார்த்தேன்.

மருந்து வைத்துவிட்டான் பாவி. சோற்றில் வைப்பார்கள், வெற்றிலையில் வைப்பார்கள் என்று கேள்வி. இவன் கையிலேயே கொடுக்கிறான், இவனும் தின்கிறான். வைத்த மருந்துக்கு ஆஸ்பத்திரியில் என்ன படம் எடுத்துக் கிழிப்பார்கள்?

பிப்ரவரி 9, ஞாயிறு

நேர்த்திக்கடன் என்று பொய் சொல்லி, அவனை மலையடிவாரத்தில் மருந்து எடுக்கிறவளிடம் கூட்டிப்போனேன். வாசலில்தான் அவனுக்குப் புரிந்தது. "மாமா, நான் பத்தாவது படிச்சவன்" என்றான். "அதனாலதான் உனக்குத் தெரியல" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று உள்ளே வந்தான்.

பச்சிலைச் சாறு கொடுத்தாள். வாந்தி, வாந்தி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. கடைசியில் கறுப்பாக, கோழை கோழையாக விழுந்தது. அவளே பயந்துபோனாள். "இவ்வளவு நான் பாத்ததே இல்ல" என்றாள்.

வீட்டில் அவன் சட்டைப் பையைத் தடவினேன். ஒரு தகர டப்பி. உள்ளே கறுப்பு உருண்டைகள். கேட்டதற்கு, "அது தொண்டைக்கு மாமா, திம்மப்பண்ணா குடுத்தது" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஓர் உருண்டையை எடுத்து வேட்டியில் முடிந்துவைத்தேன். சாட்சி.

பிப்ரவரி 10

எல்லோரும் முகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் கேட்டேன். என் மருமகனுக்கு என்ன வைத்தாய், எதற்கு வைத்தாய் என்று.

திம்மப்பர் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "அண்ணப்பண்ணா, நான் மருந்து வைக்கறவனா இருந்தா, நீங்க செண்டை அடிச்ச அடிக்கு இருபது வருஷம் முன்னாலயே உங்களுக்குத்தான் வைச்சிருப்பேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேடைக்குப் போய்ப் பாடினார். குரலில் ஒரு பிசிறு இல்லை. குற்றம் செய்தவனுக்குக் குரல் நடுங்காதா? நடுங்காமல் பாடுகிறான் என்றால் எத்தனை பழகியவன்!

பிப்ரவரி 11

காலையில் கணராஜால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. கால் இரண்டும் வாழைத்தண்டு போல மடங்குகிறது. நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது என்கிறான். வண்டி வந்துவிட்டது. டப்பி வனஜா கையில், முடிச்சு என் இடுப்பில்.

பிப்ரவரி 12

அதே டாக்டர் அம்மாள். வாந்தி எடுத்தானா என்றுதான் முதலில் கேட்டாள். நான் வேட்டி முடிச்சைச் சரிசெய்தேன். கணராஜ் சொன்னான். அந்த உப்பு ஏற்கெனவே குறைவாம், வாந்தியில் மிச்சமும் போய்விட்டதாம். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா இதயம் நின்னிருக்கும்" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வனஜா என்னைப் பார்த்தாள். மருந்து வைத்த கதையை அதற்கு மேல் எடுத்திருந்தால் என்னை வெளியே துரத்தியிருப்பாள்; டப்பியும் முடிச்சும் அப்படியே கிடந்தன.

ராத்திரி முழுக்க ஊசி வழியாக ஏற்றினார்கள். இருக்கிறான்.

பிப்ரவரி 14, வெள்ளி

ரத்த முடிவு வந்தது. கட்டி இல்லை. சுரப்பி தூங்குகிறதாம். "சுரப்பி தூங்குது, ஆனா அது ராப்பகலா வேலை செஞ்ச மாதிரி உடம்பு இருக்கு. அப்படீன்னா வெளியிலிருந்து ஏதோ உள்ள போகுது. வாயில எது போனாலும் சொல்லுங்க, சாப்பாடு இல்லாட்டியும் சொல்லுங்க" என்றாள் டாக்டர் அம்மாள்.

நான் சொன்னதும் இதுதானே! வேட்டி முடிச்சை அவிழ்த்து உருண்டையை மேஜைமேல் வைத்தேன். அவள் மோந்து பார்த்தாள். கணராஜிடம் எவ்வளவு என்று கேட்டாள். ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் கன்னத்தில் கிடக்கும், ஒன்று கரைந்தால் இன்னொன்று, தூங்கும்போதும் என்றான். தீபாவளி கழிந்து மழை வரும் வரை, ஆட்டக் காலம் ஆறு மாதமும் ஆட்டம் இல்லாத நாள் ஏது?

"முதல் நாளே கேட்டேனே, ஏன் சொல்லல?"

"நீங்க சாப்பிடறதைத்தானே கேட்டீங்க? இது தொண்டைக்கு" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. எங்களுக்கு அது சாப்பிடுவதில் சேராது. விரத நாளில் பாகவதர் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார், கன்னத்தில் இது மட்டும் கிடக்கும். விரதம் முறிந்தது என்று எந்தப் பட்டரும் சொன்னதில்லை. என்னைக் கேட்டிருந்தாலும் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

"விஷம்தானே?" என்றேன்.

"விஷம் இல்ல பெரியவரே. அதிமதுரம்."

வேரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டியாக்கி உருட்டியது. எப்போதாவது ஒரு துண்டு வேரைக் கடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாதாம். அளவு மீறினால் கொதிப்பை ஏற்றி, அந்தப் பொட்டாசிய உப்பை இறக்கிவிடுமாம். இவன் மாதக்கணக்கில் ஒரு காட்டையே தின்றிருக்கிறான்.

பிப்ரவரி 15

கணராஜ் இன்றுதான் முழுதாகச் சொன்னான். தீபாவளி சமயத்தில் மேல் சுருதியில் அவன் தொண்டை உடைந்துவிட்டதாம். முதலாளிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த திம்மப்பருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. தன் டப்பியைக் கொடுத்திருக்கிறார். பாடுவதற்கு முன் ஒன்று, பாதியில் துப்பிவிடு என்று சொல்லித்தான் கொடுத்தாராம். இவன்தான் துப்பவில்லை.

"அவர் பேசாம இருந்திருந்தா போதும் மாமா. அவர் எடம் அவருக்கே திரும்பியிருக்கும்."

நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 2

திம்மப்பரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நாளைக்கு.

மார்ச் 3

போகவில்லை. முட்டி வலி.

மார்ச் 16, ஞாயிறு

உருண்டையை நிறுத்தி ஒரு மாதம். கொதிப்பு நூற்று முப்பத்தாறு. டாக்டர் அம்மாள் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டாள். உட்கார்ந்து எழுகிறான். ஆனால் மேல் சுருதி ஏறவில்லை. முதலாளி திம்மப்பரைப் பின்பாதிக்கு மாற்றி, இவனை முன்பாதிக்கு இறக்கிவிட்டார். வனஜா, "உயிரோட காலி நாற்காலிக்குப் பாடட்டும்" என்றாள்.

இன்னொன்றும் சொன்னார்கள். திம்மப்பர் நீட்டும் வெற்றிலையை இப்போது மேளத்தில் யாரும் வாங்குவதில்லையாம். ஆளாளுக்கு ஒரு சாக்கு. ஒருவனுக்குப் பல் வலி, ஒருவன் இப்போதுதான் போட்டானாம். டாக்டர் சொன்னது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வாங்குவதில்லை. நான் ஒரு நாள் சொன்னது அத்தனை தூரம் போயிருக்கிறது.

மார்ச் 19

போனேன். கொட்டகை வாசலில், "திம்மப்பரே, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். "ஆட்டத்துக்கு நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டார். நேரம் ஆகவில்லை.

மே 24, சனி

இந்த வருஷத்து ஆட்டம் முடிந்தது. சலங்கையை அவிழ்த்துச் சாமி முன் வைத்தார்கள். கணராஜுக்கு மாத்திரை இல்லாமலே நூற்று இருபத்துநாலு. முன்பாதி பாடினான். நாற்காலிகள் அப்படி ஒன்றும் காலியாக இல்லை. ஓர் இடத்தில் குரல் வழுக்கியபோது, பின்னாலிருந்து திம்மப்பர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். தெரியாதவர்களுக்கு அது இரண்டு பேர் பாட்டு என்றே பட்டிருக்கும்.

விடியக்காலையில் கோயிலுக்கு எதிர்க் கடையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறக்கும் முன், கடைக்காரனிடம் இரண்டு டீ சொன்னார். வந்ததும் இரண்டிலும் சர்க்கரையைத் தன் கையாலேயே போட்டுக் கலக்கி, ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க அண்ணப்பண்ணா. நான்தான் கலக்கியிருக்கேன்."

பக்கத்து மேஜையில் மேளத்து ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். எடுத்துக் குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

ஆனால் வாய்க்குக் கொண்டுபோகும் முன் டம்ளருக்குள் ஒருமுறை பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.