சந்தியில் நின்றது லோரிதான், நீ இல்லை

என் பேச்சை ஒருநாளும் கேட்காத என் அன்புத் தம்பி கணேசா,

இதை உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் பேப்பருக்கும் அனுப்பப்போகிறேன். நம் மலர் அக்கா ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் நினைவஞ்சலிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். பார்க்கட்டும்.

உன்னை எரித்துவிட்டு வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், கோபம்தான் அதிகம். உன் பெட்டியை உன் லோரியிலேயே ஏற்றினோம். பக்கத்து பிளாக் ராஜு ஓட்டினான். நான் முன்னால் மேளத்தோடு நடந்தேன். சுங்கை பினாங் வீட்டிலிருந்து எல்லாம் நடை வேகம்தான். சந்தி வந்ததும் லோரி குலுங்கி நின்றுவிட்டது. ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச தூரம் போகும், மறுபடி குலுங்கும், நிற்கும்.

உடனே அக்கா ஆரம்பித்தாள். "பாத்தியா, அவன் வரமாட்டேங்கிறான். மக மேல மனக்குறை தீரல. ஏய் சுமதி, நீ இறங்குடி. நீ இறங்கினாத்தான் அவன் போவான்."

உன் பெட்டிமேல் கை வைத்து உட்கார்ந்திருந்த உன் ஒரே பிள்ளை இறங்கினாள். அந்த நேரம் பார்த்து மழை. ராஜு பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். லோரி சீறிக்கொண்டு கிளம்பியது, அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேறென்ன சாட்சி வேண்டும்? ஜனம் முழுக்க நம்பிவிட்டது. ரோட்டோரம் நனைந்து நின்ற சுமதியும் நம்பிவிட்டாள். "அப்பாவுக்கு நான் வர்றது பிடிக்கல பெரியப்பா" என்கிறாள்.

அவள் உன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டதில் உனக்குக் கோபம்தான். இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதற்காகச் செத்தவன் லோரியை நிறுத்துவானா? உயிரோடு இருந்தபோதே உனக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதே!

மறுநாளே லோரியின் இஞ்சின் மூடியைத் திறந்தேன். போன வருஷம் பழைய இஞ்சினைத் தூக்கிவிட்டு, மாக் மண்டினில் ஒரு பட்டறையில் ஜப்பானிலிருந்து வந்த, பழசைப் புதுப்பித்த ரீகோன் இஞ்சினைப் போட்டாயே, அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் கையால் பழகிய மெக்கானிக், சான்றிதழ்க் காகிதம் கிடையாது. அதனால்தானே என்னைக் கேட்கவில்லை?

அந்தப் பட்டறைக்காரனிடமே கொண்டுபோனேன். வேகமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். "நல்லாத்தானே ஓடுது லா அங்கிள். பேயா பிடிச்சிருக்கு?" என்று சிரித்தான். வேகமாக ஓட்டினால் எப்படித் தெரியும்? நிற்கும்போதுதானே அது சாகிறது!

பிளக், பாயிண்ட், கார்ப்பரேட்டர் எல்லாம் கழற்றிப் பார்த்தேன். குறையில்லை. பிறகுதான் இஞ்சின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வால்வு கண்ணில் பட்டது. நம் பழைய இஞ்சினில் அது கிடையாது. வெளியே போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இஞ்சினுக்குள்ளேயே விடுகிற வால்வு. ஓடும்போது திறக்கலாம். நிற்கும்போது மூடியே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் தன் புகையைத் தானே குடித்து மூச்சுமுட்டிப் போகும். அதைத் திறப்பது கார்ப்பரேட்டரிலிருந்து வரும் ஒரு ரப்பர் குழாயின் உறிஞ்சல். அந்தக் குழாயைப் பிடுங்கி விரலால் அடைத்தேன். குலுங்கிய இஞ்சின் அடங்கியது. திரும்ப மாட்டினேன், குலுங்கியது. கார்ப்பரேட்டரில் குழாய் மாட்ட இரண்டு மூக்கு உண்டு. நிற்கும்போதும் உறிஞ்சுகிற தப்பான மூக்கில் மாட்டியிருக்கிறான் அந்தப் பட்டறைக்காரன். லோரி நின்றபோதும் ஊர்ந்தபோதும் வால்வு திறந்தே கிடந்திருக்கிறது; ராஜு ஓங்கி மிதித்ததும்தான் இஞ்சினுக்கு மூச்சு வந்திருக்கிறது.

சிவப்பு விளக்கில்கூட நீ ஏன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கமாட்டாய் என்று இப்போது புரிகிறது. பெட்ரோலைக் கரியாக்காதே என்று திட்டுவேன், நீ இன்னும் மிதிப்பாய். 'நிக்கப் பாக்குது அண்ணே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? என்னிடம் கேட்பது அவ்வளவு கௌரவக் குறைச்சலா?

நேற்று சுமதியை வரச்சொன்னேன். குழாயைப் பிடுங்கி அவள் விரலாலேயே அடைக்கச் சொன்னேன். இஞ்சின் அடங்கியது. மாட்டச் சொன்னேன், குலுங்கி நின்றது. "இன்னொரு தடவ பெரியப்பா" என்றாள். மறுபடி. மறுபடி. கையெல்லாம் கரி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் பார்க்கவில்லை. லோரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடமும் போய்ச் சொன்னேன். "அந்தக் குழாய்க்குள்ள பூந்து உக்காந்ததே அவன்தாண்டா" என்கிறாள். "அப்ப உன் மிக்ஸி நின்னாலும் அவன்தானா?" என்றேன். "ஆமா லா, அதுக்கென்ன இப்ப?" இவளோடு என்ன பேசுவது?

உன் கோபம் தீர்ந்து போனாயா, தீராமல் போனாயா? அதைக் கழற்றிப் பார்க்க என்னிடம் ஸ்பேனர் இல்லை. ஆனால் அன்றைக்கு அவளை இறங்கச் சொன்னது நீ இல்லை. அது எனக்குத் தெரியும்.

குழாயைச் சரியான மூக்கில் மாட்டிவிட்டேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரையும் உன் லோரியில்தான் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். நானே ஓட்டுவேன், நடை வேகத்தில். அந்தச் சந்தியில் நிறுத்திவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பேன். இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கட்டும். சுமதி இறங்கின இடத்திலேயே காத்திருப்பாள். அவளை ஏற்றிக்கொண்டுதான் புறப்படுவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

நீ கேட்காவிட்டாலும் உன் லோரியையும் உன் மகளையும் பார்த்துக்கொள்ளும்,
உன் அண்ணன்.