அட்டை இருந்தால் போதும்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். தென்னூரில் கரண்ட் வேறு இல்லை.
ஸ்ரீரங்கம் சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூவில் சொதப்பல். மகள் ரிஃபா பிறந்தபோது வேலையை விட்டது, அதற்குப் பிறகு இதுதான் முதல். இன்டர்ஃபேஸ் என்றால் என்ன என்று டீம் லீட் மேடம் கேட்டார். கடகடவென்று ஒப்பித்தேன்: மெத்தட் பெயர்கள், அதாவது செய்ய வேண்டிய வேலைகளின் பெயர்கள் மட்டும் இருக்கும், எப்படிச் செய்வது என்ற கோட் உள்ளே இருக்காது.
"சரிங்க. உள்ள ஒண்ணுமே இல்லாததை எதுக்கு எழுதணும்?"
ஒப்பித்ததையே மறுபடி ஒப்பித்தேன். பாவம் பார்த்து, "வியாழக்கிழமை ஒரு புரோகிராமோட வாங்க" என்றார்.
இந்த வேலை எனக்கு வேண்டும். விடுவதாக இல்லை.

ஜூலை 8, செவ்வாய்
வாங்க வேண்டியவை: கொத்தமல்லி, வெள்ளை சாக்ஸ்.
ரிஃபா ஸ்கூலில் புது ஏற்பாடு. பிள்ளையைக் கூட்டிப்போக ஓர் அட்டை. அதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும், வருவது அம்மாவா ஆட்டோக்காரரா என்று கேட்க மாட்டார்கள்.
வெங்காயம் நறுக்கும்போது பொறி தட்டியது. இதுதானே இன்டர்ஃபேஸ்! என்ன வேலை என்று மட்டும் சொல்லும், யார் செய்வது என்று கேட்காது. நேராக லேப்டாப். செய்தி அனுப்பும் புரோகிராம். இன்டர்ஃபேஸில் ஒரே வேலை: அனுப்பு. அதை எஸ்.எம்.எஸ்.ஸில் செய்ய ஒரு கிளாஸ், அதாவது தனிக் கோட்; ஈமெயிலில் செய்ய இன்னொரு கிளாஸ். எது அனுப்புகிறது என்று மற்ற கோடுக்குத் தெரியவே வேண்டாம். நாளைக்கு வாட்ஸ்அப் சேர்த்தாலும் பழையதில் கை வைக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க, நிஜமாக எதையும் அனுப்பாத ஒரு டம்மி கிளாஸ் போதும்.
குழம்பு அடிப்பிடித்தது. மாமியார் சட்டியைத் தூக்கிப்போய் ஊறப்போட்டார்.

ஜூலை 9, புதன்
நாளை இன்டர்வியூ நேரத்தில்தான் ஸ்கூலும் விடும். இவர் துபாயிலிருந்து போனில்: "நீ இல்லாம ரிஃபா யார்கூடவும் வர மாட்டாளே."
நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன், கொஞ்சம் பெருமையாகவே. இந்த வீட்டில் எல்லா வேலையிலும் என் பெயரையே எழுதி வைத்திருக்கிறோம். மாற்ற வேண்டும்.
ரிஃபாவின் சாச்சா, என் கொழுந்தன் யூசுஃபிடம் அட்டையைக் கொடுத்தேன். மலைக்கோட்டைப் பக்கம் துணிக்கடை அவருக்கு.
"அழுதா என்ன பண்றது அண்ணி?"
"சமாளிங்க."

ஜூலை 10, வியாழன்
காவிரிப் பாலத்தில் நெரிசல். எப்படியோ போய்ச் சேர்ந்தேன்.
புரோகிராமைப் பார்த்துவிட்டு மேடம், "எஸ்.எம்.எஸ். படுத்துடுச்சுன்னு வைங்க. என்ன பண்ணுவீங்க?"
எஸ்.எம்.எஸ். இருந்த இடத்தில் ஈமெயில் என்று ஒரே வரி மாற்றினேன். ஈமெயில் போனது. சிரித்துவிட்டார். "திங்கட்கிழமை சேர்ந்துடுங்க."
அல்ஹம்துலில்லாஹ்.
வீட்டுக்கு ஓட்டம். ரிஃபா யூசுஃபோடு உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தாள். அழவில்லையாம். என்னைத் தேடவும் இல்லையாம்.
"அம்மா, நாளைக்கும் சாச்சாவே வரட்டுமா?"
சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ரூமுக்குள் போய் அழுதேன். திங்கட்கிழமை போகத்தான் போகிறேன்.